பீடி சுற்றும் வீட்டில் எண்ணும் எழுத்தும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு ஒரே ஒரு குழந்தையைப் பற்றியது. தென்காசி மாவட்டத்தில் பாவூர்சத்திரம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. அங்கே 2023-24 கல்வியாண்டில் இரண்டாம் வகுப்பு படித்த சிறுமி அவள். நான் அவளுடைய வகுப்பாசிரியை. பெயரும் ஊரும் இங்கே தேவையில்லை. ஆனால் வீட்டின் தொழிலைச் சொல்லாமல் எதையும் சொல்ல முடியாது. அம்மா பீடி சுற்றுகிறார். அப்பா கேரளாவில் கட்டட வேலை; மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். வீட்டில் ஆச்சியும், ஐந்தாம் வகுப்பு படிக்கும் அண்ணனும் உண்டு.

பெற்றோர் பள்ளிக்கு வரும்போதெல்லாம் ஆசிரியர்கள் சொல்லும் ஒரு வாக்கியம் இருக்கிறது: "வீட்டுலயும் கொஞ்சம் படிக்க வைங்க." கேட்பவர் தலையாட்டிவிட்டுப் போவார். எதை, எப்போது, எப்படி என்று அந்த வாக்கியத்தில் ஒன்றுமே இல்லை. படித்த பெற்றோர் அந்த வெற்றிடத்தைத் தாமாகவே நிரப்பிக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு அது நிறைவேற்ற முடியாத கட்டளையாகவே நின்றுவிடும். அந்த வாக்கியத்துக்குப் பதிலாக, ஒரு குறிப்பிட்ட வீட்டின் வேலைக்கும் நேரத்துக்கும் பொருந்திய சின்னச் சின்ன வேலைகளைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதே இங்கே பார்க்கப்படுவது.

வகுப்பில் கண்டது

தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூன் 13-ல் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்டது. எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் பொருள் புரிந்து வாசிக்கவும், அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும். 2025-க்குள் அதை எட்ட வேண்டும் என்பது அப்போதைய இலக்கு. குழந்தைகள் இருக்கும் நிலையை அறிந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அந்தந்த நிலைக்கேற்ற செயல்பாடுகளைத் தருகிறோம். இந்தச் சிறுமி இரண்டாம் வகுப்புக்கு வந்தபோதும் அரும்பிலேயே இருந்தாள்.

அதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. அவள் அங்கன்வாடிக்குப் போயிருக்க வேண்டிய வயதில், 2020 மார்ச்சில், கொரோனாவால் அங்கன்வாடிகள் மூடப்பட்டன. பாட்டு, கதை, மணல், மரத்துண்டு, மற்ற பிள்ளைகளோடு பேச்சு எதுவும் கிடைக்காமல் நேராக ஒன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தவள். அந்த வயதுப் பிள்ளைகள் பலருக்கும் இதே நிலைதான்.

க, கா, கி, கீ என்று தொடங்கினால் கௌ வரை ஒரே மூச்சில் பாடிவிடுவாள். தனியாக கீ-யைக் காட்டினால் தெரியாது. வாய்க்குள் க-விலிருந்து ஆரம்பித்து, விரலை ஒவ்வொன்றாக மடக்கி, கீ வரும்போது சத்தமாகச் சொல்லுவாள். எழுத்தட்டைகளைக் கலைத்துப் போட்டபோது, தன் பெயரிலும் அண்ணன் பெயரிலும் உள்ள எழுத்துகளை மட்டும் தயங்காமல் எடுத்தாள். 'படம்' என்ற சொல்லை 'ப', 'ட', 'ம்' என்று மூன்றாகச் சரியாகச் சொன்னாள். மூன்றையும் சேர்த்துச் சொல் என்றபோது, பக்கத்திலிருந்த படத்தைப் பார்த்து "போட்டோ" என்றாள். எழுத்து தெரிந்தால் வாசிப்பு தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஒலிகளைச் சேர்க்கும் திறன் தனி. அது காதில் தொடங்குகிறது.

எண்களிலும் இதே போக்குதான். ஐம்பது வரை ஒப்பிப்பாள். ஆனால் இருபத்தொன்பதுக்கு அடுத்து "இருபத்துப் பத்து" என்று சொல்லிவிட்டுப் பிறகு முப்பதுக்குத் தாவுவாள். பதின்மூன்று புளியமுத்துகளைக் கொடுத்தால் ஒருமுறை பதின்மூன்று வரும், மறுமுறை பதினைந்து வரும். "ஏழுக்கு அடுத்து என்ன?" என்றால் ஒன்றிலிருந்து தொடங்கினால்தான் எட்டு வரும். எண்வரிசை அவளுக்கு ஒரு பாட்டாக இருந்தது. அந்தப் பாட்டின் நடுவில் புகுந்து ஒரு சொல்லை எடுக்க அவளால் முடியவில்லை.

வகுப்பில் அவள் பேச்சு மிகக் குறைவு. கேட்ட கேள்விக்கு ஒரு சொல், அதுவும் மெதுவாக. பள்ளிக்கு வந்த நடமாடும் மருத்துவக் குழு கண்ணையும் காதையும் பார்த்துக் குறை இல்லை என்றது. வருகையில் குறைவில்லை. 2023 ஆகஸ்ட் 25 முதல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டதால், பசியோடு உட்கார்ந்திருக்கிறாள் என்றும் சொல்ல முடியாது.

வீட்டில் கண்டது

வகுப்பில் வாய் திறக்காத குழந்தை வீட்டில் ஆச்சியிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். யார் எந்த பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், எதிர்வீட்டு ஆடு எத்தனை குட்டி போட்டது, அண்ணன் யாரோடு சண்டை போட்டான் என்று ஒன்றுவிடாமல், வரிசை தப்பாமல், காரணத்தோடு சொன்னாள். மொழி அவளிடம் குறைவாக இல்லை. வகுப்புக்குள் அது வரவில்லை, அவ்வளவுதான்.

அம்மா திண்ணையில் மடியில் சுளவை (முறத்தை) வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. பேச்சுக்கிடையில், "இன்னைக்கு ஏழு கட்டு குறையுது டீச்சர், நூத்தி எழுபத்தஞ்சு, ராத்திரி சுத்தி முடிக்கணும்" என்றார். ஏழை இருபத்தைந்தால் பெருக்கியதற்கு அவர் ஒரு நொடிகூட நிற்கவில்லை. விரல் சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்த வாக்கியமே, "எனக்கு நாலாப்பு வரைக்குந்தான். நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க?" என்பது.

இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே வாயிலிருந்து அடுத்தடுத்து வந்தன. இவரிடம் கணக்கு இருக்கிறது. ஆனால் பள்ளி கேட்பது தன்னிடம் இல்லை என்று அவர் உறுதியாக நம்புகிறார். அந்த நம்பிக்கையை அவருக்குக் கொடுத்தது பள்ளிதான் என்பது என் எண்ணம். படிக்காத பெற்றோர் என்று ஒரு பெயர் வைத்து, அவர்களுக்குத் தெரிந்தது எதையும் கேட்காமலே காலம் ஓட்டியிருக்கிறோம்.

அந்தத் திண்ணையில் இன்னொன்றும் தெளிவாயிற்று. மதியத்திலிருந்து இரவு வரை அம்மாவின் கையும் கண்ணும் சுளவில்தான். வாயும் காதும் மட்டும் ஓய்வாக இருக்கின்றன. இதைக் கணக்கில் எடுக்காத எந்த வீட்டுச் செயல்பாடும் இங்கே நிற்காது. பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பார்க்க வேண்டும், அட்டை வெட்டி ஒட்ட வேண்டும், போனில் காணொளி போட்டுக் காட்ட வேண்டும் என்பவை எல்லாமே கையையும் கண்ணையும் கேட்கின்றன. அந்த நேரத்தை எடுத்தால் கட்டு குறையும், கூலி குறையும்.

முன்பு நடந்தவையும் இதைத்தான் காட்டின. ஒன்றாம் வகுப்பில் தினமும் இரண்டு பக்கம் எழுதி வரச் சொன்ன நோட்டில் இருந்தது அண்ணனின் கையெழுத்து. சுவரில் ஒட்டிய எழுத்து விளக்கப்படம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த காணொளிகள் அப்பாவின் போனோடு கேரளாவில் இருந்தன. வீட்டில் இருந்தது பட்டன் போன்.

போட்ஸ்வானாவில் பள்ளிகள் மூடியிருந்த 2020-ல் ஏறத்தாழ 4,500 குடும்பங்களோடு நடந்த ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். நோம் ஆங்ரிஸ்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்தது. ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு வாரம்தோறும் கணக்குகள் குறுஞ்செய்தியாக மட்டும் போயின. இன்னொரு பகுதிக்குக் குறுஞ்செய்தியோடு ஆசிரியர் வாரம் ஒருமுறை இருபது நிமிடம்போல் போன் செய்து பெற்றோரிடமும் குழந்தையிடமும் பேசினார். பேசிய வீடுகளில் குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள். செய்தி மட்டும் போன வீடுகளில் சொல்லும்படியான பலன் இல்லை. நம் வாட்ஸ்அப் குழுக்களில் நாள்தோறும் குவிவதை நினைத்துப் பார்க்கலாம். அனுப்புவது ஒன்று, பேசுவது வேறு.

முதலில் காது

முதலில் அம்மாவிடம் ஒரு கோரிக்கை வைத்தேன். மாலையில் பிள்ளையைப் பீடி முனை மடக்கிக் கொடுக்க உட்கார வைக்கும் வழக்கம் அந்த வீட்டிலும் இருந்தது. புகையிலைத் தூள் குழந்தையின் மூச்சில் போவதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. சுளவு திண்ணையின் ஒரு கோடியில், ஆச்சியும் பேத்தியும் மறு கோடியில் என்று ஆயிற்று. எண்ணுவதற்குப் பீடிக் கட்டுகளே கையருகில் இருந்தும் எந்த விளையாட்டிலும் அவற்றைச் சேர்க்கவில்லை. இது தெரிந்தே எடுத்த முடிவு.

வாரத்துக்கு ஒன்றே ஒன்று சொல்வது, அந்த வாரம் வகுப்பில் நடப்பதோடு அது சேர்ந்திருப்பது, காசு போட்டு எதையும் வாங்கச் சொல்லாதது என்று வரையறுத்துக்கொண்டேன். முதல் வாரம் வகுப்பில் க. அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "நீங்க சுத்திக்கிட்டே இருங்க. 'க'-வுல தொடங்குற சாமான் ஒவ்வொண்ணா மாத்தி மாத்திச் சொல்லுங்க. பத்து நிமிசம் போதும்." கரண்டி, கத்தி, கடுகு, கருப்பட்டி என்று ஓடியிருக்கிறது. இடையில் சிறுமி "கிண்ணி" என்றிருக்கிறாள். அம்மாவுக்குச் சந்தேகம். மறுநாள் காலையில் பள்ளி வாசலில் அதை என்னிடம் கேட்டார்: "கிண்ணில 'க' இருக்கா டீச்சர், இல்லையா?"

தமிழ் எழுத்துமுறையின் நெஞ்சுப் பகுதியைத் தொட்ட கேள்வி இது. பதினெட்டு மெய்யோடு பன்னிரண்டு உயிர் சேர்ந்து 216 உயிர்மெய். இவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யும் குழந்தை 216 பொருளைச் சுமக்கிறது. க-வுக்கும் கி-க்கும் பொதுவாக ஏதோ ஒன்று இருக்கிறது, ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்று காதால் உணர்ந்த குழந்தைக்குச் சுமை பாதியாகிறது. வரிசையாகப் பாடும்போது இந்த உறவு காதில் விழுவதில்லை, தாளம்தான் விழுகிறது. கரண்டியையும் கிண்ணியையும் பக்கத்தில் வைத்துக் கேட்கும்போது விழுகிறது. அடுத்த வாரம் விளையாட்டு அப்படியே மாறிற்று: ஒருவர் க-வில் சொன்னால் மற்றவர் கி-யில் சொல்ல வேண்டும். கல் என்றால் கிளி. கடை என்றால் கிழங்கு. இரண்டாம் நாளே அம்மா எனக்கு முன்னால் போய்விட்டார், கு-வையும் சேர்த்துவிட்டார்.

பிறகு ஒலி சேர்ப்பு. அம்மா பிரித்துச் சொல்வார்: "க... ட... லை." பிள்ளை சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலில் இரண்டெழுத்து, பின்னால் மூன்றெழுத்தும் அதற்கு மேலும். கடலை, முருங்கை, பம்பரம் என்று தெரிந்த பொருள்களாகவே இருந்தன. எழுத்து எதுவும் கண்ணில் படவில்லை. எல்லாம் வாயும் காதும். இது நன்றாகப் பழகிய பிறகு ஒருநாள் வகுப்பில் 'பலகை' என்ற சொல்லை அட்டையில் பார்த்தாள். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். கொஞ்சம் நிறுத்தி, "பலகை" என்றாள். படத்தைப் பார்க்கவில்லை, அந்த அட்டையில் படமே இல்லை.

இந்த விளையாட்டு வீட்டிலேயே முடங்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு வழி வைத்தேன். வாரத்தின் எழுத்தில் தொடங்கும் ஒரு பொருளை வீட்டிலிருந்து எடுத்து வந்து வகுப்பு மேசையில் வைக்கலாம். அவள் கொண்டுவந்த கரண்டிக்கும் கடுகு டப்பாவுக்கும் வகுப்பே சேர்ந்து பெயர்ச்சீட்டு எழுதியது. சீட்டு மாலையில் வீட்டுக்குப் போனது. நாலாம் வகுப்போடு நின்ற அம்மா அந்தச் சீட்டை எழுத்துக்கூட்டி வாசித்தார் என்று பிள்ளை வந்து சொன்னாள். வகுப்பில் என்ன நடக்கிறது என்று வீட்டுக்கும், வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கும் தெரிய அந்தச் சீட்டு ஒன்றே போதுமானதாக இருந்தது.

பெற்றோர் இதை விளையாட்டு என்று தள்ளிவிடாமல் ஏற்றுக்கொண்டதற்கு முன்கதை ஒன்று உண்டு. 2021 அக்டோபர் 27-ல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி (மாலையில் தன்னார்வலர்கள் பாடம் சொல்லிக்கொடுத்த திட்டம்) இந்த ஊருக்கும் வந்தது. அண்ணன் மாலையில் அந்த மையத்துக்குப் போய்ப் பாட்டும் விளையாட்டுமாகப் படித்ததை அம்மா பார்த்திருக்கிறார். "அந்த அக்கா சொல்லிக் குடுத்த மாதிரியா டீச்சர்?" என்றுதான் முதலில் கேட்டார். ஒரு தன்னார்வலர் அந்தத் தெருவில் போட்ட அடித்தளத்தின்மேல்தான் நான் நின்றேன்.

ஆச்சியின் கதை

பேச்சுக்கு ஆச்சி போதும். தினமும் ஒரு கதை எப்படியும் சொல்கிறவர். அவரிடம் நான் கேட்டது, பாதியில் நிறுத்தி "பொறவு என்னட்டி ஆச்சு?" என்று கேட்க வேண்டும், பிள்ளை சொன்னதும் "ஏன் அப்படிச் செஞ்சுது?" என்று இன்னொன்று கேட்க வேண்டும். இந்த 'ஏன்' முக்கியம். நடந்ததைச் சொல்வது எளிது. காரணத்தைச் சொல்லும்போது வாக்கியம் நீளும். 'அதனால', 'ஆனா', 'இல்லேன்னா' எல்லாம் வரும். பாடநூலின் நீண்ட வாக்கியங்களைப் புரிந்துகொள்ள இந்தச் சொற்கள்தான் வழி.

சில வாரங்கள் கழித்து வகுப்பில் காக்கா கதையைத் தானே எழுந்து சொன்னாள். "காக்கா வடையத் தூக்கிட்டுப் போயிட்டு" என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே. நான் அதைத் திருத்தவில்லை. அவள் சொன்னபடியே கரும்பலகையில் எழுதி, அவளையே வாசிக்கச் சொன்னேன். அதன் கீழே, "காகம் வடையைத் தூக்கிக்கொண்டு சென்றது" என்று எழுதி, இரண்டையும் எல்லாரும் வாசித்தோம். வீட்டுப் பேச்சைத் தப்பு என்று சொல்லி வாயை அடைத்துவிட்டு, பிறகு பேசச் சொல்வதில் எந்த நியாயமும் இல்லை. புத்தகத் தமிழ் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். வீட்டுத் தமிழை எழுப்பிவிட்டு அதன் இடத்தில் உட்காரக் கூடாது.

கனடாவில் மோனிக் செனஷாலும் ஜோ-ஆன் லெஃபெவ்ரும் குழந்தைகளை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதை வேறொரு பக்கத்திலிருந்து விளக்குகிறது. வீட்டில் கதைப் புத்தகங்களோடு பழகியது சொல்வளத்தையும் கேட்டுப் புரியும் திறனையும் வளர்த்தது. எழுத்தைச் சொல்லிக்கொடுத்தது தொடக்க எழுத்தறிவை வளர்த்தது. இரண்டும் தனித்தனி வழிகள். ஒன்று மற்றதன் வேலையைச் செய்துவிடவில்லை. இந்த வீட்டில் கதைக்குப் புத்தகம் இல்லை, ஆச்சி இருந்தார். எழுத்துக்கு ஆசிரியர் இல்லை, 'க'-வும் 'கி'-யும் சொன்ன அம்மா இருந்தார். இருவருக்கும் வெவ்வேறு வேலை கொடுத்தது அதனால்தான்.

இரண்டு புளியமுத்து

கணக்குக்குத் திண்ணைத் தரையில் சாக்கட்டியால் பத்துக் கட்டம், இடமிருந்து வலமாக ஒரே வரிசையில். உள்ளே 1 முதல் 10. இரண்டு புளியமுத்துகளை ஒரு பக்கம் தரையில் உரசி வெள்ளையாக்கினால் தாயம் போடும் காய் தயார். உருட்டினால் எத்தனை வெள்ளை மேலே விழுகிறதோ அத்தனை கட்டம் நகர வேண்டும்: ஒன்று, இரண்டு, அல்லது ஒன்றுமில்லை. இதை அண்ணனிடம் ஒப்படைத்தேன். நோட்டில் அவளுக்காக எழுதிக்கொடுத்த கைக்கு வேறு வேலை வேண்டும் அல்லவா.

விதி ஒன்றுதான், ஆனால் கறாரான விதி. காயை நகர்த்தும்போது கட்டத்துக்குள் இருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். ஐந்தில் நிற்கிறாய், இரண்டு விழுந்தது என்றால் "ஒன்று, இரண்டு" என்று சொல்லக் கூடாது. "ஆறு, ஏழு" என்று சொல்ல வேண்டும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் கீதா ராமானியும் ராபர்ட் சீக்லரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த, பள்ளிப் பருவத்துக்கு முந்தைய 124 குழந்தைகள் இப்படித்தான் விளையாடினார்கள். பத்துக் கட்டம், ஒன்று அல்லது இரண்டு காட்டும் சுழலி, இரண்டு வாரத்துக்குள் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் பதினைந்து இருபது நிமிடம். எண்களை ஒப்பிடுவது, எண்ணுவது, எண்ணை அடையாளம் காண்பது, எண்கோட்டில் இடம் சொல்வது எல்லாமே முன்னேறின. ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் நின்றது. அதே விளையாட்டை எண்ணுக்குப் பதில் வண்ணம் போட்ட கட்டங்களில் ஆடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. பின்னர் 2014-ல் எலிடா லாஸ்கியும் சீக்லரும் நூறு வரை உள்ள பலகையில் செய்த ஆய்வு, நிற்கும் எண்ணிலிருந்து தொடர்ந்து எண்ணுவதுதான் பலன் தருகிறது, ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து எண்ணுவது தருவதில்லை என்று காட்டியது. "ஏழுக்கு அடுத்து என்ன?" என்று கேட்டால் ஒன்றிலிருந்து தொடங்கிய நம் சிறுமிக்கு வேண்டியது துல்லியமாக இதுதான்.

பரமபதம் விளையாடினால் ஆகாதா என்று பல ஆசிரியர்கள் கேட்கிறார்கள். விளையாடட்டும், நல்லதுதான். ஆனால் பரமபதத்தில் வரிசை ஒருமுறை வலப்பக்கம், ஒருமுறை இடப்பக்கம் என்று வளைந்து போகும். பாம்பும் ஏணியும் எண்வரிசையைக் கலைத்துவிடும். பெரிய எண் தூரத்தில் இருக்கிறது, சிறிய எண் பக்கத்தில் இருக்கிறது என்ற உணர்வு வர, நேர்க்கோடு உதவுவதுபோல் வளைந்த பாதை உதவுவதில்லை. எண் மனத்தில் நிலைத்த பிறகு பரமபதம் வரட்டும்.

பத்துக் கட்டம் பழகியதும் இருபது கட்டமாக நீட்டினான் அண்ணன். பிறகு ஈர்க்கு. பழைய வாரியலிலிருந்து உருவிய ஈர்க்குகளை ஒரே அளவாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவது. வகுப்பில் பத்துகளும் ஒன்றுகளும் நடந்த வாரங்களில் இது வீட்டுக்குப் போனது. இரண்டு கட்டும் ஒன்பது ஈர்க்கும் வைத்துக்கொண்டு இருபத்தொன்பது என்றாள். இன்னொன்றைச் சேர்த்ததும் "இருபத்துப்..." என்று தொடங்கி நின்றாள். பத்து உதிரி ஈர்க்கைச் சேர்த்துக் கட்டினாள். மூன்று கட்டு. "முப்பது!" அதன் பிறகு "இருபத்துப் பத்து" அவள் வாயில் வரவேயில்லை.

இதற்கிடையில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒன்று நடந்தது. அம்மா கட்டுகளை எண்ணும்போது சொல்லும் "இருபத்தஞ்சு, அம்பது, எழுவத்தஞ்சு, நூறு" அவளுக்கும் ஏறிவிட்டது. சுளவுக்கு வெகுதூரத்தில் உட்கார்ந்திருந்தும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. இரண்டாம் வகுப்புக்கு இது தேவையில்லை. ஆனால் மூன்றாம் வகுப்பில் பெருக்கல் வரும்போது இந்தக் குழந்தை கையில் எதையோ வைத்துக்கொண்டுதான் வருவாள்.

ஒட்டாமல் போனவை

புள்ளிக் கோலம் நல்ல யோசனை என்று பட்டது. வரிசை, நிரை, சமச்சீர் எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் ஆச்சி கோலம் போடுவது விடியும் முன்னே. அப்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருப்பாள். கடைக்குப் போய்ச் சில்லறை வாங்கி வருவதும் நடக்கவில்லை. கடைக்கு அனுப்பப்படுவது அண்ணன்தான், பெண் பிள்ளையைத் தனியே அனுப்ப ஆச்சிக்கு மனமில்லை. அதில் தலையிட நான் முயலவில்லை. அண்ணன் பள்ளியிலிருந்து கொண்டுவந்த வாசிப்பு இயக்கச் சிறுபுத்தகத்தை அம்மா முதலில் தொடவே இல்லை. பிறகு ஆச்சி படங்களைப் பார்த்துத் தாமே ஒரு கதை கட்டினார். பேத்தி கீழே இருந்த எழுத்துகளில் தெரிந்ததைத் தேடினாள். புத்தகத்தில் இருந்த கதையும் ஆச்சி சொன்ன கதையும் வேறு. அது ஒரு குறையே இல்லை.

என்ன மாறியது

ஆண்டு முடிவில் அவள் மொட்டு நிலையில் இருந்தாள். எழுத்துகளை எந்த வரிசையில் கலைத்துப் போட்டாலும் பெரும்பாலானவற்றைச் சொன்னாள். இரண்டு மூன்று எழுத்துச் சொற்களைப் படத்தின் உதவியின்றி வாசித்தாள்; சிறிய வாக்கியங்களை மெதுவாக வாசித்துப் பொருள் சொன்னாள். எந்த எண்ணிலிருந்தும் தொடர்ந்து எண்ணினாள். 99 வரை பத்துகளும் ஒன்றுகளுமாகப் பிரித்தாள். வகுப்பில் பேசினாள், சில நாள்களில் அடக்கவேண்டிய அளவுக்கு.

வராதவையும் உண்டு. கெ, கே, கொ, கோ இன்னும் குழப்பம். எழுத்தில் முன்னால் நிற்கும் கொம்பு ஒலியில் பின்னால் வருவது பல குழந்தைகளைத் தடுக்கும் இடம். காதால் விளையாடிய விளையாட்டு இதற்கு உதவாது, ஏனென்றால் சிக்கல் கண்ணில் இருக்கிறது. ல, ள, ழ எழுதுவதில் பிழை. கடன் வாங்கிக் கழிப்பது வரவில்லை. ஒரு முழுப் பத்தியைத் தடையின்றி வாசிக்கவும் முடியவில்லை.

இந்த முன்னேற்றம் எல்லாம் திண்ணையில் நடந்ததால் வந்தது என்று சொல்லிவிட மாட்டேன். அதே ஆண்டில் காலை உணவு வந்தது. வகுப்பில் நிலைவாரியான பயிற்சி தினமும் நடந்தது. பிள்ளைக்கு ஒரு வயது கூடியது. ஒரே ஒரு குழந்தையை வைத்து இவற்றைப் பிரித்தெடுக்க முடியாது. பெரிய அளவில் பிரித்துப் பார்த்தவர்களும் அடக்கமாகவே பேசுகிறார்கள். ருக்மிணி பானர்ஜி, ஜேம்ஸ் பெர்ரி, மார்க் ஷாட்லாண்ட் மூவரும் பீகாரிலும் ராஜஸ்தானிலும் செய்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தாய்மார்களில் ஒரு பகுதியினருக்கு எழுத்தறிவு வகுப்பு, ஒரு பகுதியினருக்குக் குழந்தைக்கு வீட்டில் உதவும் பயிற்சி, ஒரு பகுதியினருக்கு இரண்டும் தரப்பட்டன. மூன்று வழியிலும் குழந்தைகளின் கணக்கு மதிப்பெண் உயர்ந்தது. ஆனால் உயர்வு சிறியது. தாய்மார்களின் சொந்த மதிப்பெண்ணும் உயர்ந்தது. பிள்ளைகளின் படிப்பில் அவர்கள் கலந்துகொள்வதும் கூடியது. வீடு பள்ளியின் வேலையைச் செய்துவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. வகுப்பில் ஒலி சேர்ப்பு நடக்காமல் வீட்டில் மட்டும் 'க... ட... லை' சொல்லியிருந்தால், அது வெறும் விளையாட்டாகவே நின்றிருக்கும்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை மூன்று இடங்கள்: ஒலிகளைச் சேர்த்தது, நிற்கும் எண்ணிலிருந்து எண்ணியது, வகுப்பில் பேசியது. வகுப்பில் முன்பே முயன்றும் வராமல் இருந்து, அதற்கான வீட்டு வேலை தொடங்கிய சில வாரங்களில் வந்தவை இவை. எதில் அடைப்பு இருந்ததோ அதற்கு நேராக வேலை கொடுத்தால்தான் இது நடக்கும். எல்லா வீட்டுக்கும் ஒரே தாளை அச்சடித்துக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்குக் காரணமும் இதுவே. பக்கத்து வீட்டில் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அங்கே மாலையில் கை ஓய்வாக இருக்கும், உடம்பு அசந்திருக்கும். அந்த வீட்டுக்குச் சொல்ல வேண்டியது வேறு.

முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படிப் போக முடியுமா என்ற கேள்வி நியாயமானது. ஒரே நேரத்தில் முடியாது. ஆனால் அரும்பில் தங்கிவிடும் பிள்ளைகள் சிலர்தான். அந்தச் சிலர் வீட்டுக்கு ஒருமுறை போய், யார் கை எப்போது ஓய்வாக இருக்கிறது, யார் வாய் ஓய்வாக இருக்கிறது என்று பார்ப்பது ஒரு பருவத்துக்குள் முடியக்கூடிய வேலை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தேர்ச்சி விவரங்களை வாசிப்பதோடு நிறுத்தாமல், புளியமுத்துக் கட்டத்தைத் தரையில் வரைந்து பெற்றோரையே ஒரு ஆட்டம் ஆடச் சொன்னால் அதற்குக் கால்மணி நேரம் போதும். எங்கள் பள்ளியில் அதைச் செய்தோம். ஆடியவர்களில் பாதிப் பேர் "ஒன்று, இரண்டு" என்றே எண்ணினார்கள். விதியைச் சொல்லிப் புரியவைப்பதைவிட ஆடவைத்துப் புரியவைப்பது விரைவாக நடந்தது.

மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு எழுதிக் கொடுத்தவை: கொம்பு வரும் எழுத்துகளுக்குக் கண்ணால் பார்க்கும் பயிற்சி வகுப்பிலேயே தர வேண்டும், அதை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். கழித்தலுக்கு ஈர்க்குக் கட்டு வீட்டில் இருக்கிறது. கட்டைப் பிரித்து உதிரியாக்கும் விளையாட்டை அண்ணனிடம் சொன்னால் போதும், அவன் ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போனாலும் மாலையில் வீட்டில்தான் இருப்பான். பெருக்கலை இருபத்தைந்திலிருந்து தொடங்கினால் அவள் உங்களுக்கு முன்னால் ஓடுவாள். அம்மாவுக்கு எழுதி அனுப்ப வேண்டாம், நேரில் சொல்லுங்கள். பீடிக்கடையில் கணக்கு முடித்துவிட்டு மதியம் பள்ளி வழியாகத்தான் திரும்புவார். வாசலில் நிறுத்தி ஒரே ஒரு வேலையைச் சொன்னால், மறுநாள் அது நடந்ததா, எங்கே முட்டியது என்று அவரே வந்து சொல்வார்.